படத்தில் ஒன்றுமில்லை என்றார்கள்

சென்ற ஆண்டின் இறுதியில், வடகிழக்குப் பருவமழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஈரச்சந்தையில் தெங்கிரி மீனும் ஒரு கட்டுக் கொத்தமல்லியும் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, வாசலில் நனைந்து கிடந்த தரையில் செருப்பு வழுக்கி விழுந்தேன். விழுகிற நேரத்தில் யாரும் யோசிப்பதில்லை. கை தானாக முன்னே நீண்டுவிடுகிறது. வலது உள்ளங்கை தரையில் ஊன்றியது, உடம்பின் எடை முழுவதும் மணிக்கட்டின் வழியாக இறங்கியது. மீன் பை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தூக்கிவிட்ட சீனப் பெரியவர் ஒருவர் என் கையைப் பார்த்துவிட்டு, "எக்ஸ்ரே, எக்ஸ்ரே" என்று இரண்டு முறை சொன்னார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக எனக்குச் சோறு போடுவதே அந்த எக்ஸ்ரேதான் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

நான் சிங்கப்பூரில் ரேடியோகிராபர். படத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் மருத்துவர் அல்ல, படத்தை எடுப்பவள். மருத்துவமனைக்கு வரும் உறவினர்கள் பலருக்கு இந்த வேறுபாடு இன்றுவரை பிடிபட்டதில்லை. நான் எடுக்கும் படங்களில் பெரும்பங்கு கைகால்களும் மூட்டுகளும்தான்: கதவில் நசுங்கிய விரல், பந்து விளையாடித் திரும்பிய கணுக்கால், தேய்ந்த முட்டி, குழந்தையின் முழங்கை. நுரையீரல் படமும் தலை ஸ்கேனும் பெறுகிற மரியாதையை இவை பெறுவதில்லை. ஆனால் எடுக்கும் விதத்தில் சற்றுப் பிசகினாலும் உண்மை மறைந்துபோவது இவற்றில்தான் அதிகம் என்பது என் எண்ணம். அந்த எண்ணத்துக்கு என் கையே சாட்சியாகிவிட்ட கதையைத்தான் எழுத வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கட்டைவிரலை விரித்து மேலே தூக்கிப் பார்த்தேன். அப்படித் தூக்கும்போது மணிக்கட்டின் ஓரத்தில், புடைத்து நிற்கும் இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு சிறு பள்ளம் தோன்றும். என் தாத்தா மூக்குப்பொடியை அந்தப் பள்ளத்தில் தட்டி வைத்துக்கொண்டுதான் உறிஞ்சுவார். உடற்கூற்றியலிலும் அதன் பெயர் மூக்குப்பொடிப் பெட்டிதான். அந்தப் பள்ளத்தின் அடியில் கிடப்பது ஸ்கேஃபாய்ட் என்னும் எலும்பு. படகு போன்ற வடிவம் என்பதால் வந்த பெயர் அது. தமிழில் படகெலும்பு என்று எழுதுகிறார்கள். மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிறு எலும்புகளில் அதிகமாக முறிவது இதுதான், அதுவும் நான் விழுந்ததைப் போல உள்ளங்கையை ஊன்றி விழும்போதுதான். பள்ளத்தில் விரலை வைத்து அழுத்தினேன். அழுத்தியதும் எடுத்துவிட்டேன்.

அன்று மாலை ஒரு மருந்தகத்துக்குப் போனேன். எந்த மருந்தகம் என்பது இங்கே தேவையில்லை. மருத்துவரிடம் நான் சொன்னது ஒரே வாக்கியம்: "விழுந்துவிட்டேன், மணிக்கட்டு வலிக்கிறது." அவர் தொட்டுப் பார்த்தார், வீக்கம் இருந்ததால் படம் எடுக்கச் சொன்னார். சீட்டில் வலது மணிக்கட்டு என்று மட்டும் எழுதப்பட்டிருந்தது. அங்கிருந்த இளைஞர் சீட்டில் உள்ளபடி, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு படங்களைச் சுத்தமாக எடுத்தார். அரைமணி நேரத்தில் மருத்துவர் திரையைப் பார்த்துவிட்டு, "படத்தில் ஒன்றுமில்லை, சுளுக்குதான்" என்று சொல்லி வலி மாத்திரையும் ஒரு பட்டையும் கொடுத்து அனுப்பினார்.

நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அதுதான் இன்றுவரை எனக்கு உறுத்துகிறது. எத்தனையோ பேரிடம் "எங்கே வலிக்கிறது, ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள்" என்று கேட்டவள், தன் முறை வந்தபோது மணிக்கட்டு என்ற பொதுப்பெயரோடு நிறுத்திக்கொண்டாள். நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்தவுடன் நோயாளியாகவே மாறிவிடுகிறோம்போலும்.

எக்ஸ்ரே என்பது ஒளிப்படம் அல்ல, நிழல். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எல்லாம் புரிந்துவிடும். குழாய்க்குள் சூடேற்றப்பட்ட ஓர் இழையிலிருந்து எலக்ட்ரான்கள் புறப்பட்டு, டங்ஸ்டன் தகட்டில் மோதுகின்றன. மோதுகிற ஆற்றலில் ஏறத்தாழ 99 விழுக்காடு வெறும் வெப்பமாக வீணாகிறது. மிஞ்சும் ஒரு விழுக்காடுதான் எக்ஸ் கதிராக வெளிவருகிறது. 3,400 பாகை செல்சியசுக்கு மேல் உருகும் டங்ஸ்டனை அதற்குத் தேர்ந்தெடுத்திருப்பதும், பல கருவிகளில் அந்தத் தகடு சுழன்றுகொண்டே இருப்பதும் இந்த வெப்பத்துக்கு ஈடுகொடுக்கத்தான். பொத்தானை அழுத்துமுன் கேட்கிற அந்த 'விர்ர்' என்ற ஓசை, தகடு சுழலத் தொடங்கும் ஓசை. "என்ன சத்தம் அது?" என்று கேட்டுக் கையை இழுத்துக்கொண்ட பாட்டிமார்கள் பலர்.

கதிர் கையின் வழியே பாயும்போது தசையும் கொழுப்பும் அதைப் பெரும்பாலும் போக விடுகின்றன, எலும்பு தடுத்து நிறுத்துகிறது. எலும்பில் உள்ள சுண்ணாம்புச் சத்துதான் இதற்குக் காரணம்; அணு எண் கூடக்கூடக் கதிரை விழுங்கும் தன்மை மிக வேகமாக ஏறுகிறது. கால்சியத்தின் அணு எண் 20, தசையில் மிகுந்திருக்கும் ஆக்சிஜனுக்கு 8. இந்த வேறுபாட்டை நன்றாகக் காட்ட வேண்டுமென்றால் கதிரின் ஆற்றலைக் கூட்டாமல் மென்மையாக வைக்க வேண்டும். நெஞ்சுப் படத்துக்கு 110 கிலோவோல்ட்டுக்கு மேல் வைக்கிற நாங்கள், கைவிரலுக்கும் மணிக்கட்டுக்கும் 50 முதல் 55 வரையில் நிறுத்திக்கொள்வது அதனால்தான். நேரம் ஒரு நொடியின் சிறு பின்னம்.

தோல்பாவைக் கூத்தைப் பார்த்தவர்களுக்கு நிழலின் குணத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பாவை திரையை ஒட்டி நின்றால் வரிகள் கூராக விழும். பின்னால் நகர்ந்தால் உருவம் பெரிதாகி ஓரம் மங்கும். பக்கவாட்டில் திருப்பினால் அரசனும் ஒரு கோடாகிவிடுவான். எங்கள் வேலையும் ஏறத்தாழ அதுவே. கதிர்க்குழாயை வழக்கமாக ஒரு மீட்டர் உயரத்தில் நிறுத்தி, கையைப் படம் பதியும் பலகையோடு ஒட்ட வைத்து, எந்த எலும்பு எதன்மேல் விழுகிறது என்று கணக்குப் பார்த்துத் திருப்புகிறோம். மேலிருந்து பார்த்தால் சிறிதும் விலகாததுபோல் தோன்றும் முறிந்த எலும்பு, பக்கவாட்டில் பார்த்தால் ஒரு விரற்கடை பின்னால் தள்ளிக் கிடக்கும். ஆகவேதான் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு படங்கள். "ஒன்று போதாதா, இரண்டாவதற்கும் காசா?" என்று கேட்கிறவர்களிடம் நான் என் கைப்பேசியை அகலவாக்கில் ஒருமுறை, விளிம்புவாக்கில் ஒருமுறை காட்டுவேன். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

உலகத்தின் முதல் புகழ்பெற்ற எக்ஸ்ரே படமே ஒரு கையினுடையது என்பதில் எனக்குச் சற்றுத் தொழில் பெருமை உண்டு. வூர்ஸ்புர்க் நகரில் 1895 நவம்பர் 8 அன்று அந்தக் கதிரைக் கவனித்த வில்ஹெல்ம் ரான்ட்கன், டிசம்பர் 22 அன்று தம் மனைவி ஆன்னா பெர்த்தாவின் கையைப் படமெடுத்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் அதில் தெரிகின்றன. 1901இல் இயற்பியலுக்கான முதல் நோபெல் பரிசு அவருக்குத்தான் கிடைத்தது. கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை கோரவில்லை. அடுத்து வந்தவர்கள் குழாய் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத் தம் கைகளையே நாள்தோறும் கதிரின் முன் நீட்டி, விரல்களை இழந்தார்கள், சிலர் உயிரையும் இழந்தார்கள். ஹாம்பர்க்கில் அவர்களுக்காக 1936இல் எழுப்பிய நினைவுத்தூணில் முதலில் 169 பெயர்கள் பொறிக்கப்பட்டன. நான் பொத்தானை அழுத்துமுன் ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் போய் நிற்பது அந்தக் கைகளால் கற்ற பாடம்.

அந்த மோதிரம் இன்றும் எங்களுக்குத் தலைவலி. தங்கத்தின் அணு எண் 79. அதன் நிழல் படத்தில் வெள்ளை வெளேரென விழுந்து அடியில் இருப்பதை முழுவதும் மறைத்துவிடும். திருமண நாளில் போட்ட மோதிரம் நாற்பது ஆண்டுகளாகக் கழலாத விரல்கள், முழங்கைவரை தள்ளி டேப் ஒட்டி நிறுத்தவேண்டிய வளையல்கள், கால் படத்துக்கு வரும்போது கழற்ற மனமில்லாத மெட்டிகள், கொலுசுகள். மெட்டியைக் கழற்றச் சொல்வதற்கு ஒரு பக்குவம் வேண்டும். "ரெண்டு நிமிஷந்தான் அம்மா, என் கையிலேயே வச்சிருக்கேன்" என்று சொன்னால் கழற்றித் தருவார்கள், ஆனால் கண் என் உள்ளங்கையிலேயே இருக்கும். சின்சே என்னும் சீன வைத்தியரிடம் போய்க் கட்டிக்கொண்டு வரும் மருந்துக்கட்டையும் பிரிக்கச் சொல்வோம். சில களிம்புகளும் நிழல் விழுத்தும்.

வலது இடது என்பது இன்னொரு தலைவலி. பெயரையும் அடையாள எண்ணையும் சரிபார்த்தபின் எந்தக் கை என்று கேட்பது கட்டாயம். தமிழ்ப் பாட்டி ஒருவர் "சோத்தாங்கை" என்றார். என்னோடு இருந்த மலாய்ச் சகோதரி, பாட்டி பசிக்கிறது என்கிறாரோ என்று என்னைப் பார்த்தார். சாப்பிடும் கை வலது கை என்று விளக்கியபின் அவர் தம் கையையே ஒருமுறை பார்த்துக்கொண்டு, தங்கள் வீட்டிலும் அப்படித்தானே என்று சிரித்தார். அந்தப் பேச்சு முடிந்ததும் 'ஆர்' என்ற ஈய எழுத்தைப் பலகையின் ஓரத்தில் வைத்தேன். சின்னஞ்சிறு எழுத்து; ஆனால் அது இல்லாத படத்தை நம்பி யாரும் கத்தி வைக்க மாட்டார்கள்.

முன்கைப் படம் என்றால் மணிக்கட்டும் முழங்கையும் சேர்ந்து வர வேண்டும் என்பது மற்றொரு விதி. முன்கையின் இரண்டு எலும்புகளும் மேலும் கீழும் பிணைந்து ஒரு வளையம்போல் இருக்கின்றன. கண்ணாடி வளையலை ஒரே இடத்தில் உடைத்துவிட முடியாது, இன்னோர் இடத்திலும் விட்டுப்போகும். அதுபோல ஓர் எலும்பு நடுவில் முறிந்து விலகினால் மற்றொன்று மூட்டிலிருந்து நழுவியிருக்கக்கூடும். முறிந்த இடத்தை மட்டும் எடுத்து அனுப்பினால் நழுவிய மூட்டு கவனத்துக்கே வராது. இந்த வகைக் காயம் ஒன்றை மிலான் நகரத்து மோன்டெஜ்ஜியா விவரித்தது 1814இல். மணிக்கட்டருகே ஏற்படும் மிகப் பரவலான முறிவை டப்ளின் நகரத்து ஆபிரகாம் காலிஸ் விவரித்ததும் அதே 1814இல். எக்ஸ்ரே வருவதற்கு 81 ஆண்டுகளுக்கு முன்பு, விரலால் தடவிப் பார்த்தே அவ்வளவும் கண்டார்கள். என் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்த மருத்துவர் இன்னும் இரண்டு விரற்கடை நகர்ந்து தொட்டிருந்தால் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

படத்தில் நேரடியாகத் தெரியாத முறிவைச் சுற்றியுள்ள தடயங்களால் கண்டுபிடிக்கும் கலைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு குழந்தையின் முழங்கை. அடுக்குமாடிக் கட்டடங்களுக்குக் கீழே இருக்கும் விளையாட்டிடத்தில் கம்பியில் தொங்கி விழுந்த குழந்தை, கையை மார்போடு அணைத்துக்கொண்டு வரும். அதைவிட அதிகமாக அதன் தாய் அழுதுகொண்டிருப்பார். குழந்தையின் முழங்கையில் எலும்பின் நுனிகள் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். அவை வயது ஏற ஏற ஒவ்வொன்றாக எலும்பாகின்றன. குருத்தெலும்புக்கு நிழல் கிடையாது. எனவே முறிவுக் கோடு கண்ணுக்குத் தப்பிவிடும். ஆனால் மேற்கை எலும்பின் பின்பக்கக் குழியில் ஒளிந்திருக்கும் ஒரு சிறு கொழுப்புத் திட்டு, மூட்டுக்குள் இரத்தம் நிறைந்ததும் வெளியே தள்ளப்பட்டு, கருநிறப் பிறை போலத் தெரியும். விழுந்த குழந்தையின் பக்கவாட்டுப் படத்தில் அந்தப் பிறை தெரிந்தால், கோடு தெரியாவிட்டாலும் முறிவு இருக்கலாம் என்று கொண்டுதான் சிகிச்சை செய்வார்கள். இதற்கு முழங்கை சரியாகச் செங்கோணத்தில் மடங்கி, தோளும் கையும் ஒரே மட்டத்தில் மேசைமேல் கிடக்க வேண்டும். கொஞ்சம் திரும்பிவிட்டாலும் நம்பிச் சொல்ல முடியாது. அழுகிற மூன்று வயதுப் பிள்ளையின் கையை அப்படி வைப்பதற்கு, என் அனுபவத்தில், பாட்டுதான் உதவும். மருத்துவப் பயிற்சி இரண்டாவது.

முட்டி வேறு கதை. "முட்டி தேஞ்சுபோச்சு" என்று வருகிற அம்மாக்களைப் படுக்க வைத்து எடுப்பதில்லை, நிற்க வைத்து எடுக்கிறோம். தேய்கிற குருத்தெலும்பு படத்தில் தெரியாது; தொடை எலும்புக்கும் கால் எலும்புக்கும் இடையே கரிய இடைவெளியாகத்தான் அது தன்னைக் காட்டுகிறது. படுத்திருந்தால் அந்த இடைவெளி நன்றாக இருப்பதுபோல் ஏமாற்றும், எழுந்து நின்று உடம்பின் எடை இறங்கும்போதுதான் எலும்பும் எலும்பும் முட்டிக்கொள்வது வெளிப்படும். இடைவெளி குறைதல், ஓரங்களில் முள்போல எலும்பு வளர்தல், மூட்டை ஒட்டிய எலும்பு கெட்டித்து வெளுத்தல் ஆகியவற்றைப் பார்த்து 0 முதல் 4 வரை தரம் பிரிக்கும் முறையைக் கெல்கிரனும் லாரன்சும் 1957இல் தந்தார்கள். இன்றும் அதுவே புழக்கத்தில் இருக்கிறது.

ஆனால் தரமும் வலியும் ஒன்றாகப் போவதில்லை. நான்காம் தர முட்டியோடு தேக்காவில் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற ஆன்ட்டிகளையும், படத்தில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லாமல் மாடிப்படி ஏற முடியாதவர்களையும் நான் அறிவேன். சவ்வுக் கிழிசல், தசைநார் அறுதல், மூட்டைச் சுற்றிய உறையின் அழற்சி இவையெல்லாம் எக்ஸ்ரேயில் நிழல் விழாத பொருள்கள். அவற்றுக்கு எம்ஆர்ஐயோ அல்ட்ராசவுண்டோ வேண்டும். எக்ஸ்ரேயால் தெரியாததை எக்ஸ்ரே மறுத்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறவர்கள்தான் எத்தனை பேர்! பதிலுக்கு, எதற்கெடுத்தாலும் படம் எடுக்கச் சொல்கிறவர்களும் உண்டு. கணுக்கால் திரும்பியவர்களில் யாருக்குப் படம் தேவையில்லை என்று தொட்டுப் பார்த்தே முடிவு செய்ய, கனடாவின் ஒட்டாவாவில் 1992இல் எளிய விதிகளை வகுத்தார்கள்: நான்கு அடி எடுத்து வைக்க முடிகிறதா, கணுக்காலின் இருபக்க எலும்பு முனைகளில் பின்விளிம்பை அழுத்தினால் வலிக்கிறதா, பாதத்தின் குறிப்பிட்ட இரண்டு இடங்களில் வலிக்கிறதா. நடக்க முடிந்து, அந்த இடங்கள் எதிலும் வலி இல்லையென்றால் பெரும்பாலும் படம் தேவைப்படாது. அங்கும் தொடுகிற விரல்தான் முதலில் வருகிறது, கருவி பிறகு.

கட்டுமானத் தளங்களில் வேலை செய்யும் தம்பிமார்கள் என் மனத்தில் தனியாக நிற்கிறார்கள். நசுங்கிய விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்த புதுக்கோட்டைப் பையன் ஒருவன், நான் தமிழில் பேசியதும் கண் கலங்கிவிட்டான். "அக்கா, எலும்பு ஒடஞ்சிருக்கா? வேலைக்குப் போக முடியுமா?" இரண்டாவது கேள்விதான் உண்மையான கேள்வி. என் முன்னால் இருந்த திரையில் விடை தெரிந்தது. ஆனால் சொல்வது என் வேலையல்ல, கதிரியல் மருத்துவர் படித்து அறிக்கை எழுத வேண்டும், சிகிச்சை அளிப்பவர் சொல்ல வேண்டும். "டாக்டர் சொல்வார் தம்பி" என்று சொன்னேன். விதி நியாயமானதுதான். அந்த நேரத்தில் அதைச் சொல்ல நாக்கு கூசியது. வேறொருவன் பாதத்தில் ஏதோ குத்தியதாக வந்தான். "கண்ணாடியா, மரச் சிராயா?" என்று கேட்டேன், கண்ணாடியும் இரும்பும் படத்தில் தெரியும், மரச் சிராய் பொதுவாகத் தெரியாது. மரம் என்றான். அதைச் சீட்டில் எழுதி அனுப்பினேன். எழுதாமல் விட்டிருந்தால் அவனுக்கும் 'ஒன்றுமில்லை'தான்.

கதிர்வீச்சைப் பற்றி எல்லாரும் கேட்பதால் ஒரு வார்த்தை. கைகால் படம் ஒன்றில் உடம்பு பெறும் அளவு ஏறத்தாழ 0.001 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் மனிதர் ஓராண்டில் இயற்கையாகப் பெறுவது உலகச் சராசரியில் 2.4 மில்லிசீவர்ட். சாங்கியிலிருந்து சென்னைக்குப் பறக்கும் நான்கு மணி நேரத்தில் விண்கதிர்களால் பெறுவது ஒரு மணிக்கட்டுப் படத்தைவிட அதிகம். அதற்காக யாரும் பொங்கலுக்கு ஊருக்குப் போகாமல் இருப்பதில்லை. சிங்கப்பூரில் கதிர்க்கருவிகளுக்கு உரிமம் வழங்கிக் கண்காணிப்பது தேசிய சுற்றுப்புற வாரியம். எங்கள் சட்டையில் தொங்கும் சிறு அட்டை, நாங்கள் பெறும் அளவைக் கணக்கு வைக்கிறது. இவ்வளவு குறைவு என்பதற்காகத் தேவையில்லாத படத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. தேவையான மூன்றாவது கோணத்தை, கதிருக்குப் பயந்து விட்டுவிட வேண்டாம் என்கிறேன்.

அந்த மூன்றாவது கோணத்துக்கு இப்போது வருகிறேன். படகெலும்பு மணிக்கட்டுக்குள் உள்ளங்கைப் பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. கையை நேராக வைத்து எடுத்தால் அது தன்மேலேயே மடிந்து குட்டையாகத் தெரியும், நடுவில் உள்ள மெல்லிய கோடு அந்த மடிப்பில் மறைந்துவிடும். பக்கவாட்டிலோ எல்லாச் சிறு எலும்புகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கும்பலாகிவிடும். கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் படகு நிமிர்ந்து முழு நீளத்தையும் காட்டும். கூடவே குழாயைச் சற்றுச் சரித்து ஒன்றும், கையைச் சாய்வாக வைத்து ஒன்றும் எடுப்போம். மருத்துவர் 'மணிக்கட்டு' என்று எழுதினால் இவை வராது, 'ஸ்கேஃபாய்ட்' என்று எழுதினால் வரும். அந்த ஒரு சொல்லைச் சீட்டில் எழுதவைத்திருக்கக்கூடியது நோயாளியின் சுட்டுவிரல், அந்த நோயாளி நான்.

அப்படி எடுத்தாலும் முதல் நாளிலேயே தெரியும் என்ற உறுதி இல்லை. இடம் விலகாத முறிவு தலைமுடியைவிட மெல்லிய கோடு. பத்து முதல் பதினான்கு நாள்களில், முறிந்த ஓரங்களை உடம்பே கரைத்துச் சுத்தம் செய்யத் தொடங்கும்போது கோடு சற்று அகன்று கண்ணில் படும். அதனால்தான் மூக்குப்பொடிப் பள்ளத்தில் வலி இருந்தால், படம் என்ன சொன்னாலும் கட்டுப்போட்டு அனுப்பி, இரண்டு வாரம் கழித்து மீண்டும் எடுப்பதோ, வசதி இருந்தால் உடனே எம்ஆர்ஐ பார்ப்பதோ வழக்கம். இதில் அவசரம் காட்டுவதற்குக் காரணம் உண்டு. அந்த எலும்புக்குப் பெரும்பாலான இரத்தம் விரல் பக்க முனையிலிருந்து பின்னோக்கிப் பாய்கிறது. இடுப்பு என்று நாங்கள் சொல்லும் அதன் நடுப்பகுதியில் முறிந்தால் முன்கைப் பக்கத் துண்டு பட்டினியாகி, சேராமல் போகவும் செத்துப்போகவும் வாய்ப்பு உண்டு. ஒரு முந்திரிப் பருப்பு அளவு எலும்பு, மணிக்கட்டு முழுவதையும் பல ஆண்டுகளில் பாழாக்கிவிடும்.

இவ்வளவும் தெரிந்தவள் பன்னிரண்டு நாள்கள் பட்டையைக் கட்டிக்கொண்டு தோசை மாவு கரைத்தேன், வேலைக்குப் போனேன், கனமான பலகையை இடது கையால் தூக்கினேன். பதின்மூன்றாம் நாள், ஒரு கல்லூரிப் பையனின் மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தபோது, அவன் "இங்கதான் அக்கா" என்று மூக்குப்பொடிப் பள்ளத்தைத் தொட்டுக் காட்டினான். அன்று மதியமே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வேறோர் இடத்துக்குப் போனேன். இந்த முறை மருத்துவர் வாயைத் திறக்குமுன் கட்டைவிரலைத் தூக்கி, இடது சுட்டுவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்துக் காட்டினேன். சீட்டில் அந்தச் சொல் ஏறியது. நான்கு படங்கள். மூன்றாவதில், படகின் இடுப்பில், குறுக்கே ஒரு மெல்லிய கருங்கோடு.

நல்லவேளையாக இடம் விலகவில்லை. எட்டு வாரம் கட்டு, அதன்பின் எலும்பு சேர்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு சிடி ஸ்கேன், பிறகு மாதக்கணக்கில் பயிற்சி. இதை இரண்டு கைகளாலும் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன், குளிர்சாதன அறையில் மட்டும் அந்த இடம் இன்னும் லேசாக முனகுகிறது.

கட்டு அவிழ்த்த அன்று எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டச் சொன்னேன். கோடு ஏறக்குறைய மறைந்திருந்தது. அதற்குப் பக்கத்திலேயே, கட்டைவிரலின் அடிமூட்டில், இடைவெளி குறைந்து ஓரத்தில் ஒரு சிறு எலும்பு முள் தலைகாட்டியது. ஐம்பதைத் தாண்டியவர்களிடம் நாள்தோறும் நான் பார்க்கிற அதே தேய்மானம். அது எனக்கு ஒருநாளும் வலித்ததில்லை. யாரும் கேட்டதுமில்லை, நானும் கேட்கவில்லை. படத்தின் மூலையில் 'ஆர்' என்ற எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்திருந்தது. கைக்குப் பழகிப்போன எரிச்சலோடு, அதை நேராக்க ஒருமுறை திரையைத் தொட்டேன்.